சிறுவர் நூலுக்குப் பழைய ஆவணங்கள்: அனுப்பும் முறை
உறவுகளே, வணக்கம். நம் சட்டத்தரணி எழுதும் மலையக முன்னோடிகள் பற்றிய சிறுவர் நூலுக்கு பழைய கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைப் பத்திரம், செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) பக்கம் தேவை. வாட்ஸ்அப்பில் படமாகப் போட்டால் எழுத்து கலங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பிளாஷ் போடாமல் பகல் வெளிச்சத்தில், முத்திரை இருக்கும் பின்பக்கத்தையும் எடுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்ய வேண்டாம், பழைய தாள் சூட்டில் கெட்டுவிடும். அடையாள எண்ணை மறைத்துவிடுங்கள்.

பாட்டிமாரிடம் ஆண்டு கேட்டால் தடுமாறுவார்கள். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்.

ஓவியம் வரைவோருக்கு: 1840களில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் கோப்பித் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டது 1867இல்தான். அந்தப் பக்கங்களில் கொழுந்துக்கூடை வரவே கூடாது. பிள்ளைகள் படத்தைத்தான் நம்புவார்கள்.