தேவனாம்பட்டினத்துக்கு ஒரு மாலை வாருங்கள்

கடலூர்ப் பள்ளிகளின் வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஆசிரியன் இல்லை. மஞ்சக்குப்பத்தில் படித்து, சிங்கப்பூரில் இருபது வருடம் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

கொரோனாவுக்கு முந்தைய ஒரு வருடம். என் பள்ளித் தோழன் வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் மணிலாவில் நின்றது. "ஒரு தீவு இருக்குடா, ராத்திரி தங்கிட்டு வரலாம், வா" என்றான். விமானம் ஏறிவிட்டேன். மணிலா விரிகுடாவின் வாயில் காவல்காரனைப் போல உட்கார்ந்திருக்கும் கொரெகிடோர் தீவு அது. தலைப்பிரட்டை மாதிரி வடிவம்; தலை கடல் பக்கம், வால் மணிலா பக்கம்.

இரண்டாம் உலகப் போரில், 1942-ல் ஜப்பானியர் குண்டு மழை பொழிய, அமெரிக்க, பிலிப்பைன்ஸ் வீரர்கள் மே 6 வரை தாக்குப்பிடித்துச் சரணடைந்த இடம். தளபதி மெக்ஆர்தர் அதற்கு முன்பே, மார்ச் 11 இரவு, சிறு படகில் ஏறிக் கிளம்பிவிட்டார். 1945 பிப்ரவரியில் அமெரிக்கர்கள் பாராசூட்டில் குதித்துத் தீவைத் திரும்பப் பிடித்தார்கள். பகல் முழுக்க எங்களைப் பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார்கள். பன்னிரண்டு அங்குல வாய் கொண்ட பீரங்கிகள் துருவேறி அப்படியே நிற்கின்றன. ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நீளப் படைவீரர் குடியிருப்பு கூரையில்லாத எலும்புக்கூடாகக் கிடக்கிறது. எதற்கும் சுண்ணாம்பு பூசி அழகு பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. சுரங்கத்துக்குள் ஒலியும் ஒளியுமாக ஒரு காட்சி நடத்தினார்கள்; அது கொஞ்சம் ஓவர்தான்.

மாலையில் படகு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தங்கியவர்கள் பத்துப் பேர் இருப்போம். சாப்பாடு முடிந்ததும் தலைக்கவசமும் டார்ச்சும் கொடுத்து, மலிந்தா சுரங்கத்தின் இடிந்த கிளைகளுக்குள் அழைத்துப் போனார்கள். 1922-ல் தோண்டத் தொடங்கிப் பத்து வருடம் வேலை நடந்த சுரங்கம். போரின்போது ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரியே உள்ளே இருந்ததாம். ஓரிடத்தில் டார்ச்சுகளை அணைக்கச் சொன்னார் வழிகாட்டி. கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாத இருட்டு. அந்த இருட்டில்தான் அதைச் சொன்னார்.

போர் 1945 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. ஆனால் இந்தத் தீவுக்குள் இருபது ஜப்பானிய வீரர்கள் அது தெரியாமல் ஒளிந்திருந்தார்கள். தண்ணீர் தேடி வெளியே வந்தபோது ஒரு பழைய செய்தித்தாள் கிடைத்து, அதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்திருக்கிறது. 1946 ஜனவரி 1 அன்று வரிசையாக வந்து, அங்கே கல்லறை வேலையில் இருந்த ஒற்றை அமெரிக்க வீரனிடம் சரணடைந்தார்கள். அவன் மிரண்டுபோயிருப்பான், பாவம்.

அறைக்குத் திரும்பியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நண்பன் மெதுவாகக் கேட்டான்: "நம்ம ஊர்லயும் இதே கதைதான், தெரியுமா உனக்கு?" எனக்குத் தெரியாது. அவனுக்கும் பள்ளிக்கூடத்தில் தெரிந்ததில்லை. கப்பலில் கூட இருந்த ஒரு பிரெஞ்சு இன்ஜினியர், கடலூர் என்ற பெயரைக் கேட்டதும் "சுஃப்ரெனுடைய கடலூரா?" என்று கண்ணை விரித்தாராம். சுஃப்ரென் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. அவர் சொல்லித்தான் இவனுக்கே தெரியும்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் பத்தாம் வகுப்பு முடித்தபோது எனக்கு இதில் ஒரு வரி தெரியாது. 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. மறு ஆண்டு ஜூனில் ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் சென்னையிலிருந்து படையோடு வந்து முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஜூன் 13 அன்று நிலத்தில் பெரிய சண்டை. ஜூன் 20 அன்று நம் கடலில் ஆங்கிலேயரின் பதினெட்டுப் போர்க்கப்பல்களும் சுஃப்ரெனின் பதினைந்தும் மோதின. குறைவான கப்பல் வைத்திருந்தவர்தான் ஜெயித்தார். ஆங்கிலேயக் கப்பல்கள் சென்னைக்குத் திரும்பின. இரண்டு படையிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். யாருக்காக யாரைச் சுட்டோம் என்று அவர்களில் எத்தனை பேருக்கு விளங்கியிருக்குமோ.

பிரான்சின் வேர்சாய் நகரில் இந்த இரண்டு நாடுகளும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டது 1783 ஜனவரி 20. கடலில் சண்டை நடந்த நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு! வெள்ளைக்கொடி கட்டிய கப்பல் கடலூருக்குச் செய்தி கொண்டுவந்தது ஜூன் கடைசியில். அந்த இருபது பேராவது ஒளிந்திருந்தார்கள். இங்கே ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் கெடிலம் கரையில், டேவிட் கோட்டை இருந்த பக்கமாக நடந்தேன். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போது இதுதான் தலைமையிடம். கிளைவ் இங்கே கவர்னராக இருந்திருக்கிறார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப் போட்டதால், கோட்டை என்று காட்ட இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. சில்வர் பீச்சில் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்ற நான், பக்கத்தில் இப்படி ஒன்று இருந்ததை நாற்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன். கோட்டையிலிருந்து குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனி வாங்கியதால் 'குண்டு கிராமம்' என்று பெயர் வந்ததைக்கூட அப்புறம்தான் படித்தேன்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாடத்தை முடிக்கவே உங்களுக்கு நேரம் போதாது என்று ஆசிரியையான என் அக்கா தினமும் புலம்புவாள். கட்டடம் கட்டச் சொல்லவில்லை, ஒலி ஒளிக் காட்சியும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே ஒரு மாலை தேவனாம்பட்டினம் கரைக்கு அழைத்து வாருங்கள். கடலைக் காட்டி, "இங்கேதான் முப்பத்து மூன்று கப்பல்" என்று சொல்லுங்கள். ஜனவரி 20-லிருந்து ஜூன் கடைசி வரை எத்தனை நாள் என்று மணலில் கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தச் செய்தி ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்று கேளுங்கள். பிள்ளைகளே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நண்பன் மாசி மாதம் கப்பலிலிருந்து இறங்குகிறான். பாய்மரம் கட்டி இரண்டு கப்பல்கள் எப்படிச் சண்டை போடும் என்று அவன் செய்து காட்டுவான். கொஞ்சம் அளப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகளுக்குச் சுண்டல் என் செலவு. எந்தச் சனிக்கிழமை என்று நீங்கள் சொன்னால் போதும்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்துக்காரன்