பாடகர் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

தருமபுரி

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். மே லீவுக்கு இங்கே வரும்போது ‘பொஹீமியன் ராப்சடி’ பார்த்தே ஆகணும் என்று பெரியவள் பிடிவாதம் பிடிக்கிறாள், சின்னவனும் கூட உட்காருவான், காட்டலாமா என்று கேட்டிருந்தாய். ‘குவீன்’ என்ற இங்கிலாந்து ராக் குழுவின் நாலு பேரையும், அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரியையும் பற்றி 2018-ல் வந்த ஆங்கிலப் படம் அது. போனில் சரி, வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிக்கிற விஷயமில்லை. 13 வயசுக்காரிக்குக் காட்டலாம், நீ பக்கத்தில் உட்கார்ந்தால். 8 வயசுக்காரனுக்குக் கடைசிக் கச்சேரி மட்டும் போதும்.

முதலில் சான்றிதழ். நம்ம தணிக்கை வாரியத்தின் பழைய யு/ஏ 2024-ல் 7, 13, 16 என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. அதற்கு முன்னால் வந்த படங்களில் வெறும் யு/ஏ என்றுதான் இருக்கும். 12 வயசுக்குக் கீழே என்றால் பெற்றவர்கள் பார்த்து முடிவு செய்யணும் என்று அர்த்தம். ஓடிடிக்கு 2021-ல் வந்த விதி வேறு. வயசு எண்ணோடு, எதற்காக அந்த வயசு என்று ஒரு சின்ன வரியும் போடவேண்டும். எண்ணைவிட அந்த வரிதான் உபயோகம். கெட்ட வார்த்தைக்காக 13 என்றால் ஒரு மாதிரி, போதைக்காக 13 என்றால் வேறு மாதிரி. இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13 (13-க்குக் கீழே பெற்றவர்கள் யோசித்துக் காட்டணும்), இங்கிலாந்தில் 12ஏ (12-க்குக் கீழே பெரியவர் துணையோடு). அடுத்த வருஷம் வந்த எல்டன் ஜான் படம் ‘ராக்கெட்மேன்’ அமெரிக்காவில் ஆர் (17-க்குக் கீழே பெரியவர் துணையோடுதான்), இங்கிலாந்தில் 15. இரண்டிலும் பியானோ, ஜிகினா உடுப்பு, கைதட்டல். ஒன்றைப் பார்த்த பிள்ளை மற்றதையும் கேட்கும், அப்போது ஏமாந்துவிடாதே.

ஒரே படம் இரண்டு நீளத்திலும் வரும். மொசார்ட்டைப் பற்றிய ‘அமடேயஸ்’ 1984-ல் வந்தபோது அமெரிக்காவில் பிஜி. 2002-ல் கூடுதல் காட்சிகளோடு வந்தபோது ஆர். அதனால் திரையில் மொத்த நேரத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பி. பொஹீமியன் ராப்சடி 2 மணி 14 நிமிஷம்.

பிள்ளைகளை உட்காரவைக்கும் முன் நீ தனியாக ஒரு தடவை பார்த்துவிடு, பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு. ஓட்டிப் பார்க்காதே. யோசிக்கவேண்டிய இடம் வந்தால் நிமிஷத்தைக் குறி. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டே பார். லண்டன்காரர்கள் வேகமாகப் பேசுகிற வசவு பிள்ளை காதில் விழாமல் போகும்; எழுத்தில் வந்தால் வாய்விட்டே படிக்கும்.

சங்கடமான காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பார். இசைக்காரர்கள் படத்தில் எது நல்லது, எது கெட்டது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது பின்னணி இசைதான். குடியும் கூத்தும் வரும்போது துள்ளலான பாட்டு ஓடும், காட்சி டக்டக்கென்று மாறும், எல்லாரும் அழகாக இருப்பார்கள். மறுநாள் காலை தலைவலியோடு தனியாகக் கிடப்பதற்கு அரை நிமிஷம்தான். பிள்ளை மனசில் எது தங்கும் என்று சத்தமில்லாமல் பார்த்தால் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, பாட்டு எப்போது பிறக்கிறது என்று கவனி. போதைக் காட்சி முடிந்த கையோடு மேதைத்தனமாக ஒரு பாட்டு வந்தால், ‘அது உள்ளே போனால்தான் இது வெளியே வரும்’ என்று 13 வயசு எடுத்துக்கொள்ளும். கீபோர்டு கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிடக் கெடுதலான பாடம் கிடையாது.

இந்தப் படம் அந்த இடத்தில் தேவலாம். போதையை நேராகக் காட்டாமல் சாடையாகவே காட்டுகிறார்கள். பாட்டு உருவாகும் இடங்களில் நாலு பேரும் தெளிவாக உட்கார்ந்து, சண்டை போட்டு, வேலை செய்கிறார்கள். ‘கலிலியோ’ என்ற ஒரே சொல்லை இன்னும் மேலே, இன்னும் மேலே என்று டிரம்மரைத் திரும்பத் திரும்பப் பாடவைக்கிற காட்சியைப் பெரியவளுக்கு நிறுத்திக் காட்டு. படத்தின் பெயர் கொண்ட அந்தப் பாட்டை 1975-ல் பதிவு செய்தபோது நிஜத்திலும் அப்படித்தான். டேப்பில் குரல் மேல் குரலாக அடுக்கிப் பதிவு செய்தார்கள். 5 நிமிஷம் 55 விநாடிப் பாட்டுக்கு அத்தனை பாடு.

எனக்குக் கவலை வேறு இடத்தில். படம் வருஷங்களை இடம் மாற்றி வைத்திருக்கிறது. ஃப்ரெடி மெர்குரி குழுவை உடைத்துக்கொண்டு போகிறார், கெட்ட சகவாசத்தில் விழுகிறார், திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறார், எய்ட்ஸ் என்று தெரியவருகிறது, நோயைக் குழுவிடம் சொல்லிவிட்டு 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மேடையில் பாடுகிறார். இது படத்தின் வரிசை. நடந்தது அப்படியில்லை. குழு உடையவே இல்லை. 1984-ல் புது ஆல்பம் வெளியிட்டு, 1985 மே வரை ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். தனி ஆல்பத்தை முதலில் போட்டதும் டிரம்மர் ரோஜர் டெய்லர்தான், 1981-ல். ஃப்ரெடிக்கு நோய் உறுதியானது வெம்ப்ளிக்குப் பின்னால், 1987 வாக்கில் என்றுதான் அவரோடு இருந்தவர்கள் சொல்கிறார்கள். ஊருக்கு அறிவித்தது 1991 நவம்பர் 23. மறுநாளே போய்விட்டார்.

இரண்டு வருஷம் முன்னே பின்னே போனால் என்ன என்று மாப்பிள்ளை கேட்பார். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பாரதக் கூத்து பார்த்து வளர்கிறவர்கள். விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் துரியோதனன் படுகளத்தில் பாட்டி மடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். ‘சபையில வெச்சுப் பொம்பளையத் துகில் உரிய வெச்சான் இல்ல, அதுக்குத்தான்’ என்று பாட்டி காதோடு சொல்வாள். செய்த வினைக்குக் கிடைத்த கூலி என்கிற கணக்கு பிள்ளைக்கு அங்கேயே படிந்துவிடும். பாரதத்துக்கு அது பொருந்தும். அதே கணக்கை இந்தப் படத்துக்குப் போட்டால், நண்பர்களை விட்டுப் போனதற்கும் ஆண்களோடு பழகியதற்கும் கடவுள் கொடுத்த தண்டனைதான் நோய் என்று முடியும். வருஷங்களை மாற்றி அடுக்கியதில் படமே அந்தக் கணக்குக்கு வழி விட்டுவிட்டது. குழுவில் உயிரோடு இருக்கிற மூன்று பேரில் இரண்டு பேர் படத்தின் தயாரிப்பில் கலந்திருக்கிறார்கள். மற்றவர்கள் நல்லவர்களாகவும், ஒரு மேனேஜர் மட்டும் வில்லனாகவும் தெரிவதை அதோடு சேர்த்துப் பார்க்கப் பெரியவளிடம் சொல்.

அதனால் நோயைப் பற்றி நீயே முதலில் பேசிவிடு. எய்ட்ஸைக் கொண்டுவருகிற எச்ஐவி ஒரு வைரஸ். பாதுகாப்பில்லாத உடலுறவு, ரத்தம், ஒருவர் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு, இவ்வளவுதான் வழி. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. அன்றைக்குச் சரியான மருந்து இல்லாததால் செத்தார்கள். இன்றைக்கு அரசு ஏஆர்டி மையங்களில் இலவசமாக மாத்திரை கிடைக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் நெடுநாள் நன்றாக வாழலாம். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளிப் பையன் ஃப்ரெடியை அடையாளம் கண்டு, மேடையில் அவர் கூவுகிற மாதிரியே ‘ஏ...ஓ’ என்று மெல்லக் குரல் கொடுப்பான். அவரும் பதிலுக்குக் கொடுப்பார். அந்த இடத்தை ஓட்டிவிடாதே.

ஆண்கள் முத்தமிடுகிற காட்சிகள் உண்டு, நீளமில்லை. அப்போது ரிமோட்டைத் தேடாதே கண்ணு. நீ பதறினால் அதுதான் அவள் மனசில் நிற்கும். சில ஆண்களுக்கு ஆண்கள் மேல்தான் பிரியம் வரும், 2018-லேயே நம்ம சுப்ரீம் கோர்ட் அது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது என்று நேராகச் சொல். எல்லாவற்றையும் படம் ஓடும்போதே விளக்கிக்கொண்டிருக்காதே. ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம். ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டு வெளியாகிற இடத்தோடு நிறுத்தி, மறுநாள் மீதி. இடையில் அவளே கேள்வி கேட்பாள்.

கச்சேரிக் காட்சிகளில் வெளிச்சம் வெட்டி வெட்டி வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது கூட உட்கார்ந்தால், வலிப்பு வந்ததுண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள். இருந்தால் காட்டாதே. யாருக்காவது கண் கூசித் தலை சுற்றினால், கண்ணை மூடச் சொல்லாதே, இமை வழியாகவும் வெளிச்சம் போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடி, முகத்தைத் திருப்பச் சொல். ஹாலில் லைட் எரியட்டும், டிவியை ஒட்டி உட்காரவேண்டாம்.

சின்னவனுக்கு வெம்ப்ளிக் கச்சேரி மட்டும். நிஜ நிகழ்ச்சியே 21 நிமிஷம்தான். அதோடு இரண்டு மிதி, ஒரு தட்டு என்று வரும் அவர்களுடைய 1977 பாட்டு ‘வீ வில் ராக் யூ’வைச் சொல்லிக்கொடு. மொட்டை மாடியில் போட்டுத் தாளம் கட்டி ஆடட்டும்.

படம் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவது ஒன்று உன் பக்கத்திலேயே இருக்கிறது. ஃப்ரெடியின் பிறந்த பெயர் ஃபரூக் பல்சாரா, ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவில் பிறந்த பார்சி. பள்ளிக்கூடம் படித்ததும், பியானோ பழகியதும், முதல் குழு சேர்த்ததும் பஞ்ச்கனி ஹாஸ்டலில். நீ இருக்கிற புனேயிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். லீவு முடிந்து திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவளைக் கூட்டிப்போய் அந்த ஊரைக் காட்டு.

பெரியவள் படம் பார்க்கும் இரண்டு நாளும் சின்னவனைத் தாத்தா பார்த்துக்கொள்வார். ஒரு நாள் ஒகேனக்கல், ஒரு நாள் அதியமான்கோட்டை. வருவதற்கு முன் உன் ஓடிடி கணக்கில் சின்னவனுக்குத் தனி புரொஃபைல் போட்டு, பெரியவர்கள் புரொஃபைலுக்கு ‘பின்’ நம்பர் பூட்டுப் போட்டுவிடு. நம்பரை எனக்கு மட்டும் சொல், பெரியவளுக்கு வேண்டாம்.

அன்புடன்,
அம்மா