கடவுச்சீட்டு அலுவலர் அவர்களுக்கு: ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். என் மகள் கயல்விழியின் கடவுச்சீட்டு விண்ணப்பம் பற்றி எழுதுகிறேன். கோப்பு எண்ணை இங்கே எழுதவில்லை. மூன்று முறை 'ஹோல்டு' போட்ட கோப்பு என்றால் உங்கள் ஊழியர்களுக்கே தெரியும்.

பிரச்சினை ஒரு எழுத்துதான். என் பெயர் சண்முகம். மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் என் பெயரை ஆங்கிலத்தில் எழுதியதில் 'எஸ்'ஸுக்குப் பிறகு 'ஹெச்' உண்டு. என் ஆதாரில் அந்த ஹெச் இல்லை. மகளின் இனிஷியலை என் முழுப் பெயராக விரித்துத்தான் எழுத வேண்டும் என்கிறீர்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் போனால் 2022 நவம்பரிலிருந்து துபாயிலேயே உள்ளே விடுவதில்லை. சரி, விரித்தோம்.

முதல் தடவை, "அப்பா ஆதாரைத் திருத்திட்டு வாங்க" என்றார்கள். இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு அலைந்து ஹெச் சேர்த்தேன். இரண்டாம் தடவை வேறொரு அதிகாரி. அவர் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். அதில் ஹெச் இல்லை!

மூன்றாம் தடவை நடந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. விண்ணப்பதாரரை மட்டும்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் நான் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே, ஆவணங்களைச் சரிபார்க்கும் பி கவுண்டரில் அந்த ஹெச்சைப் பென்சிலால் வட்டமிட்டு, "அப்பா பேருக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார்கள். "அப்பா வெளியதான் சார் நிக்கிறார், கூப்பிடவா?" என்றிருக்கிறாள் மகள். "அவர் வேணாம்மா, அவர் பேர்தான் வேணும்." நோட்டரி பிரமாணப் பத்திரம் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தவள் ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

பத்திரம் கொண்டுவருகிறோம், அய்யா. ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே? என்னென்ன வேண்டும் என்பதை ஒரே தடவையில், எழுத்தில் தாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அவள் ஜெர்மனியில் மேற்படிப்புக்குப் போக வேண்டியவள். கடவுச்சீட்டு இருந்தால்தான் ஏபிஎஸ் சான்றிதழுக்கு (இங்கே படித்த சான்றிதழ்களை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது) விண்ணப்பிக்கலாம். அது வந்த பிறகுதான் பல்கலைக்கழகம். குளிர்காலப் பருவத்துக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசித் தேதி. அப்புறம் விசாவுக்கு 11,904 யூரோவைக் கணக்கில் முடக்கி வைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பணத்துக்குக் கடன் கேட்டுப் போனால் வங்கியிலும் முதலில் கேட்பது கடவுச்சீட்டு நகலைத்தான். தட்கலில் போட்டிருக்கலாமே என்கிறார்கள் சிலர். 1,500 ரூபாய்க்குப் பதில் 3,500 கட்டினால் ஹெச் தானாக முளைத்துவிடுமா?

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பது அரசுக்கே பிடிபடாத விஷயம். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றித் தமிழ்நாடு அரசு அரசாணை வெளியிட்டது. சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசு தடுமாறினால் திருத்தம். 1998இல் பிறப்புச் சான்றிதழ் எழுதிய பஞ்சாயத்து அலுவலக எழுத்தர் தடுமாறியதற்கு என் மகள் மூன்று தடவை பஸ் ஏற வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் ஊழியர்கள் யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்காவது தடவை வரும்போது, எந்த ஹெச்சை நீங்கள் ஏற்பீர்கள், அதற்கு எந்தத் தாள் போதும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வெளியே அதே பெஞ்சில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
கயல்விழியின் அப்பா