குப்பைக்கு அபராதம் போட்ட எஸ்பரன்ஸ் கவுன்சிலாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எஸ்பரன்ஸ் ஷயர் (உள்ளாட்சி) கவுன்சிலாருக்கு,

வணக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில் இருக்கும் உங்களுக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்காரனான எனக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. ஆனால் 1979 ஜூலை 11 அன்று வானத்திலிருந்து விழப்போகும் ஒரு பொருளுக்காக நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். அது உங்களிடம் வந்து சேர்ந்தது. அந்த வகையில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

ஸ்கைலாப் என்ற பெயர் தெரியாத ஆள் அந்த வாரம் எங்கள் ஊரில் இல்லை. அமெரிக்கா 1973இல் ஏவிய விண்வெளி நிலையம், எடை 77 டன், மூன்று குழுக்கள் போய்த் தங்கிவிட்டு 1974 தொடக்கத்தில் காலி செய்துவிட்டு வந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. சூரியனின் கொந்தளிப்பு கூடியதில் மேல் காற்றுமண்டலம் சூடாகி உப்பி, நிலையத்தை உரசி உரசியே கீழே இழுத்துவிட்டது என்பதும் அப்படித்தான். அதை மேலே தள்ளிவிடுவதாக இருந்த ஷட்டில் விண்கலம், 1981 வரைக்கும் விண்ணுக்கே கிளம்பவில்லை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மேலே இருந்து ஏதோ விழப்போகிறது, எங்கே என்று அதை விட்டவனுக்கே தெரியாது என்பதுதான்.

நாசா ஒரு கணக்குச் சொல்லியிருந்தது. உலகத்தில் யாரோ ஒருவர் மேல் துண்டு விழுவதற்கு 152இல் ஒரு வாய்ப்பு. இன்னார் மேல் என்று பார்த்தால் 60,000 கோடியில் ஒன்று. இது எங்கள் டீக்கடை பெஞ்சுக்கு வந்து சேர்வதற்குள் 152 பேருக்கு ஒருத்தர் என்று ஆகிவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் முந்நூறு தலை தேறும். “அப்போ நம்ம தெருவுக்கு ரெண்டு” என்று பெரியவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அந்த இரண்டு யார் யார் என்று ஆளாளுக்கு மனசுக்குள் ஒரு பட்டியல் இருந்தது. பெரும்பாலான பட்டியலில் வட்டிக்கடை அண்ணாச்சி இருந்தார்.

அண்ணாச்சியின் கஷ்டம் தனி. வசூலுக்குப் போன வீட்டிலெல்லாம் ஒரே பதில்: “பதினொண்ணாம் தேதி கழியட்டும் அண்ணாச்சி.” அவரும் விவரமான ஆள், 11ஆம் தேதிக்கு முன்னால் புதுக் கடன் ஒரு பைசா கொடுக்கவில்லை.

என் பெரியப்பா சுடலைமாடன் கொடைக்கென்று ஒரு கடா நேர்ந்து விட்டிருந்தார். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, தெருவில் யார் வீட்டுத் திண்ணையில் ஏறிப் படுத்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். 10ஆம் தேதி சாயங்காலம் பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “கொடைக்கு நாம இருப்போமான்னே தெரியல. கடா மட்டும் இருந்து என்னல பண்ண?” என்றார். சாமிக்கு நேர்ந்ததாயிற்றே என்று பெரியம்மா தடுத்துப் பார்த்தார். சுடலையும் இதே ஊரில்தான் இருக்கிறார், விழுந்தால் அவர் பீடத்திலும்தான் விழும், அவருக்கு நம் நிலைமை புரியும் என்பது பெரியப்பாவின் வாதம். மறுநாள் மத்தியானம் தெருவே மணத்தது. எங்கள் வீடு மட்டும் இல்லை. அந்த வாரம் தப்பித்த கோழி கொஞ்சம்தான்.

டெல்லியிலும் அதே வாரம் ஒன்று ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. மொரார்ஜி தேசாய் அரசா, ஸ்கைலாபா, எது முதலில் விழும் என்று டீக்கடையில் பந்தயமே நடந்தது. ஸ்கைலாப் முந்திக்கொண்டது, மொரார்ஜி ராஜினாமா செய்தது 15ஆம் தேதி.

அது கடைசியாக இறங்கியபோது எங்களுக்கு இரவு பத்து மணி தாண்டிவிட்டது, உங்களுக்கு 12ஆம் தேதி பிறந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தென்கிழக்கே கடலில் விழட்டும் என்றுதான் நாசா திருப்பி விட்டது. நினைத்த வேகத்தில் அது உடையாததால் துண்டுகள் உங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டன. நீங்கள் வானத்தில் தீப்பொறியும் இடிச்சத்தமுமாக விழித்திருந்த நேரத்தில், கறி தின்ற களைப்பில் நாங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தோம். விடிந்ததும் எங்களுக்குச் சேதி சொன்னது ரேடியோ இல்லை. பேப்பர் வருவதற்கு முன்பே கணக்கு நோட்டோடு வாசலில் நின்ற அண்ணாச்சிதான்.

அப்புறம் உங்கள் பக்கம் நடந்ததைப் படித்தால் வயிறு எரிகிறது. உங்கள் ஊர்ப் பையன் ஸ்டான் தார்ன்டன், 17 வயது, வீட்டில் விழுந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு விமானம் ஏறி, சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை அறிவித்திருந்த 10,000 டாலர் பரிசை வாங்கிவிட்டான். ஒன்பது நாள் கழித்துப் பெர்த்தில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியின் மேடையில் ஒரு பெரிய துண்டைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். முடிசூட்டியதும் கூட்டம் ஏறி அந்த மேடையே சரிந்தது. எங்கள் ஊராக இருந்தால் அந்தத் துண்டுக்கு அன்றைக்கே பரிகாரம் செய்திருப்போம். நீங்களோ ஸ்கைலாப் துண்டுகளை மியூசியத்தில் வைத்திருக்கிறீர்கள்.

ஆனால் உங்களை நான் மெச்சுவது வேறொன்றுக்காக. பொது இடத்தில் குப்பை போட்டதாக நாசாவுக்கு 400 டாலர் அபராதச் சீட்டுக் கொடுத்தீர்களே, வேடிக்கைக்கு என்றாலும், அந்த நெஞ்சுரம் வேறு யாருக்கு வரும்! நாசா கட்டவில்லை. 2009இல் கலிஃபோர்னியாவின் ஒரு ரேடியோ அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூல் செய்து அனுப்பினார். விழுந்ததற்கே முப்பது வருஷம் ஆனது என்றால், விழாமல் போனதற்கு எங்கே போய்க் கேட்பது? குப்பைக்குச் சட்டம் இருக்கிறது, பீதிக்கு இல்லை. அடுத்த கொடைக்குப் பெரியப்பா வேறு கடா வாங்கினார், அதுவும் அண்ணாச்சியிடம் கடன் வாங்கி.

இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2023 ஜூலையில் உங்கள் மாநிலத்தின் கிரீன் ஹெட் கடற்கரையில், கடல் சிப்பிகள் ஒட்டிய பெரிய உருளை ஒன்று ஒதுங்கியதே, அது பெரும்பாலும் எங்கள் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் கட்டம்தான் என்று உங்கள் நாட்டு விண்வெளி நிறுவனமே சொல்லிவிட்டது. கிரீன் ஹெட் உங்கள் எல்லைக்குள் வராது, தெரியும். ஆனாலும் அந்தப் பக்கத்துக் கவுன்சிலார் உங்களைப் பார்த்து எங்களுக்கு அபராதச் சீட்டு எழுதும் யோசனையில் இருந்தால், தயவுசெய்து இந்த மடலைக் காட்டுங்கள். கடாவின் விலையையும் அண்ணாச்சியின் வட்டியையும் கழித்துக்கொண்டு, மீதி ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செவலைக் கடாவின் தொடைக்கறி தின்றவர்களில் ஒருவன்