ஆகஸ்ட் 16 எதற்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 15ஆம் தேதி கொடியேற்றியாயிற்று, மறுநாளும் கீழூரில் எதற்கு விழா, எதற்கு விடுமுறை என்று புதுச்சேரிக்காரர்களே கேட்கிறார்கள். வரலாறு சொல்லிக்கொடுத்தவள் என்பதால் பதில் எழுதுகிறேன்.

1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் மட்டுமே. சட்டப்படி மண் அப்போதும் பிரான்சுக்குத்தான் சொந்தம். அங்குள்ள மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது பிரான்சின் 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பு. அந்தச் சம்மதத்தைப் பெறத்தான் அதற்கு முன்பே, அதே ஆண்டு அக்டோபர் 18இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். வங்காளத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் 1949இல் வாக்காளர்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். எங்களையும் அப்படிக் கேட்டிருக்க வேண்டும். முடிவு மாறியிருக்காது என்றே நம்புகிறேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

மண்ணை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28இல். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்ததோ அல்ஜீரியாவில் பிரான்ஸ் நடத்திய போர் ஓய்ந்த பிறகு, 1962 ஜூலையில். ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் பத்திரங்கள் கைமாறியபோதுதான் மண்ணும் கைமாறியது.

எங்கள் குடும்பத்துக்கு அந்தத் தேதி வெறும் விழா நாள் அல்ல. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றிலிருந்து இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்த பெரியப்பா எழுதிக்கொடுத்தார். அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. இன்று பெரியப்பா பிள்ளைகள் பிரான்ஸ் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள், நான் முத்தியால்பேட்டையில் போடுகிறேன். இரண்டு பேர் செய்ததும் சட்டம் கொடுத்த உரிமைதான். இதில் யாரையும் துரோகி என்று பேசுவதை என்னால் பொறுக்க முடியாது.

ஒப்பந்தத்தின் 2ஆவது பிரிவு இதைவிட முக்கியம். புதுச்சேரியின் தனி நிர்வாக நிலையில் அரசியலமைப்பு மாற்றம் எதைச் செய்வதானாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது அது. 1979இல் அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைப்பதாகப் பேசியதும் ஊரே கொந்தளித்தது நினைவிருக்கும். தெருவில் இறங்கியவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்கும்? மாநிலத் தகுதி பற்றி இவ்வளவு பேசும் தலைவர்களும் இதை எடுத்துச் சொல்லிக் கேட்பது அரிதாக இருக்கிறது.

ஆகவே கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒப்பந்தத்தை, குடியுரிமைப் பிரிவுகளையும் 2ஆவது பிரிவையுமாவது, எளிய தமிழில் அச்சிட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். கீழூர் நினைவிடத்திலும் அதைக் கல்லில் பொறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.