தரங்கம்பாடிப் பாதையின் ரயில்வே குடும்பங்களின் வரலாற்றைப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
வில்லிவாக்கம், சென்னை – 600 049.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, சென்னை – 600 003.

பொருள்: மயிலாடுதுறை – தரங்கம்பாடி மீட்டர் கேஜ் பாதை ஊழியர் குடும்பங்களின் வரலாற்றைப் பதிவு செய்து பாதுகாத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1926ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 1986ஆம் ஆண்டு மூடப்பட்ட மேற்படி பாதையில் என் தந்தையார் தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியாக, அதாவது கேங்மேனாகப் பணியாற்றினார். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு ஆகிய ஊர்கள் வழியாகச் சென்ற இப்பாதையை நம்பி, ஸ்டேஷன் மாஸ்டர் முதல் கேட் கீப்பர் வரை எத்தனையோ குடும்பங்கள் வயல்களுக்கு நடுவே வாழ்ந்தன.

தஞ்சை ஜில்லாவின் ரயில் வரலாறே தனிச் சிறப்புடையது. ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ் எனும் கூடுதல் வரிப் பணத்தைக் கொண்டுதான் 1894ஆம் ஆண்டு மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரை ரயில் ஓடத் தொடங்கியது. விவசாயிகளின் பணத்தில் ரயில் வந்த அந்த ஜில்லாவில்தான் பின்னாளில் தரங்கம்பாடிப் பாதையும் அமைந்தது.

பாதையைச் சோதிக்கும் ஊழியரான கீமேன் நாள்தோறும் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தம் எல்லை முழுவதும் நடந்து, தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டையோடு பிணைக்கும் ‘சாவி’ எனும் ஆப்புகளில் தளர்ந்தவற்றை அடித்து இறுக்குவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி அரித்துவிடும் என்பதால், இரவு ரோந்துக்குச் செல்பவர் கைவிளக்கோடு, ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைத்து வெடியொலியால் ஓட்டுநரை எச்சரிக்கும் டெட்டனேட்டரையும் எடுத்துச் செல்வார். அவர் திரும்பும் வரை வீட்டில் யாரும் உறங்குவதில்லை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வந்தவர்களும், தில்லையாடி வள்ளியம்மையின் பூர்விக ஊரைக் காண வந்தவர்களும் பாதுகாப்பாகப் பயணம் செய்தது இவர்களுடைய உழைப்பால்தான். ரயில் வரலாற்றில் என்ஜின்களுக்குக் கிடைத்த இடம் இவர்களுக்கும் கிடைப்பதே நியாயம்.

பாதை மூடப்பட்டபோது இருபத்தைந்து வயதில் இருந்த ஊழியர்கூட இன்று அறுபதைக் கடந்துவிட்டார். ஆகவே, இன்னும் நம்மிடையே உள்ள ஊழியர்கள், அவர்களுடைய மனைவி மக்கள் ஆகியோரின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே காலம் தாழ்த்தாமல் பதிவு செய்ய ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதுவே என் முதன்மையான கோரிக்கை. திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தில் இப்பாதை குறித்த கால அட்டவணைகள், குடியிருப்பு வரைபடங்கள், பணிப் பதிவேடுகள் இருப்பின் அவற்றைக் கழிவுத்தாளோடு சேர்த்துவிடாமல் தனியே பாதுகாக்கவும், எஞ்சியுள்ள கட்டடங்களை நேரில் பார்வையிட்டுப் பட்டியலிடவும் உத்தரவிட வேண்டுகிறேன். இவற்றின் நகல்களைச் சென்னை ரயில் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தால், வேலை தேடி இந்நகரில் குடியேறிய எங்களைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகளும் அவற்றைக் கண்டு தெரிந்துகொள்வார்கள்.

அப்பாதையில் மீண்டும் ரயில் விடுவது குறித்த கோரிக்கை வேறு. அதன் முடிவுக்காக இப்பணி காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: சென்னை