கும்பிடுபூச்சியின் நன்றி மடல்

காலை நாலரை மணிக்குத் திருவான்மியூரில் கூடும் சைக்கிள் பட்டாளத்துக்கும், அதற்கு வெளியே இருந்து என்னைத் தாங்கிய எல்லோருக்கும் வணக்கம்.

கோவா டிரையத்லான் போட்டியில், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் பந்தயத்தில், மிராமர் கடலில் 1.9 கி.மீ. நீந்தி, 90 கி.மீ. மிதித்து, 21.1 கி.மீ. ஓடிவிட்டு ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இன்னும் படி இறங்கினால் தொடை முனகுகிறது. ஆனால் இந்த மடல் நடுவில் வந்த அந்த 90 கிலோமீட்டருக்கு மட்டும். போன தடவை அதற்கு 3 மணி 4 நிமிடம் எடுத்தேன், இந்தத் தடவை 2 மணி 51 நிமிடம். மிதிக்கும் வலுவை அளக்கும் பவர் மீட்டர் காட்டிய சராசரி இரண்டு தடவையும் ஏறக்குறைய 160 வாட்தான். காலில் புதிதாக ஒரு வலுவும் சேரவில்லை. அந்தப் பதின்மூன்று நிமிடமும் உங்கள் உபயம்.

முதல் கும்பிடு, ஆளுக்கேற்ப வண்டியை அளவு பார்த்துப் பொருத்தும் ஃபிட்டர் அண்ணனுக்கு. உங்களிடம் வரும் முன்பே நான் வண்டியைக் கெடுத்து வைத்திருந்தேன். 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட், காற்றுத் தடையைக் குறைக்க முழங்கை ஊன்றிக் குனியும் நீட்டுக் கைப்பிடியான ஏரோ பாரில் குனிந்து, 24.5 கி.மீ.க்குள் 50 வினாடிக் கடனை அடைத்து, லோரான் ஃபின்யோனை மொத்தத்தில் 8 வினாடியில் முந்திய கதையை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். தாழத் தாழ வேகம் என்று நானாக முடிவு கட்டி, கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்முக்கு அடியில், உயரம் கூட்ட இருந்த ஸ்பேசர் வளையங்களை எல்லாம் உருவிவிட்டேன். பத்து நிமிடம் பறப்பேன். அப்புறம் முட்டி வயிற்றில் இடிக்கும், முதுகு பிடிக்கும், மரத்துப்போகக் கூடாத இடம் மரத்துப்போகும். நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். போன தடவை கோவாவில் பாதி தூரம் அப்படித்தான், நெஞ்சையே பாய்மரமாக விரித்துக்கொண்டு.

நீங்கள் செய்த முதல் வேலை கைப்பிடியை 2 செ.மீ. தூக்கியது. எனக்குக் கோபமே வந்தது. "குனியிறது பெரிசில்ல தம்பி, குனிஞ்சபடியே இருக்கணும்" என்றீர்கள். பிறகு சீட்டை முன்னால் தள்ளி, மூக்கு பிளந்த சீட்டாக மாற்றி, பெடலைத் தாங்கும் 172.5 மி.மீ. நீளக் கிராங்கைக் கழற்றி 165 போட்டீர்கள். ஏழரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கிராங்க் குறைந்த அளவுக்குச் சீட்டையும் ஏற்றுவதால், பெடல் மேலே வரும்போது முட்டிக்கும் வயிற்றுக்கும் நடுவே 15 மி.மீ. இடம் கிடைக்கிறது என்று காகிதத்தில் வரைந்து காட்டினீர்கள். அந்தக் காகிதம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. முழங்கைப் பேடுகளை நெருக்கி, கைகளை முகத்துக்கு நேராக உயர்த்தி வைத்த அன்றைக்குத்தான் பட்டாளம் எனக்குக் கும்பிடுபூச்சி என்று பேர் வைத்தது.

கைகளை அப்படிச் சாய்த்து உயர்த்த வேண்டிய ஆப்புத் துண்டுகளைக் கடையில் கேட்டபோது விலையைச் சொன்னார்கள், நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதை லேத்தில் அலுமினியத்தில் கடைந்து கொடுத்த பட்டறை அண்ணாச்சிக்கு நன்றி. காசு வாங்க மறுத்தீர்கள். "இதைப் போட்டுக்கிட்டு மெதுவா போப்பா" என்று வேறு சொன்னீர்கள்.

பிசியோ அக்கா, காற்றுத் தடையில் வண்டியின் பங்கு கால்வாசிதான், மீதி நம் உடம்பு என்று படித்திருந்தும், அந்த உடம்பைப் பழக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. "ஆமை மாதிரி தலையைத் தோளுக்குள்ள இழு" என்று நீங்கள் சொல்லி, நான் அதை இருபது நிமிடம் தாங்க ஆறு வாரம் ஆனது. ஹாலில், சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் டிரெய்னர் கருவி மேல் குனிந்து கிடந்த என்னைச் சுற்றி வந்து சீரியல் பார்த்த அம்மாவின் பொறுமையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தம்பி, உனக்குத்தான் பெரிய கடன். விடிவதற்கு முன் ஆளில்லாத சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய், அதே வாட்டில் அதே ஐந்தைத் திரும்பி வந்து, காற்றின் கணக்கைக் கழித்து, எந்த பொசிஷனில் எத்தனை வினாடி என்று நோட்டில் எழுதினாய். டயரில் காற்று ஒரே அளவு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தவனும் நீதான். நான் ஆசைப்பட்ட மிகத் தாழ்ந்த நிலை, உன் நோட்டில் மூன்றாவது இடத்துக்குத்தான் வந்தது! தலை தூக்கிக்கொள்கிறது என்று போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாய். தண்ணீர் பாட்டிலைக் கைகளுக்கு நடுவே கட்டச் சொன்னதும் நீ. குடிக்க நிமிர வேண்டிய அவசியம் அன்றோடு போனது.

முட்டுக்காடு பாலத்தில் கடல் பக்கமிருந்து காற்று அறையும்போது, "ஏரோவ விடு, பிரேக்கப் பிடி" என்று பின்னாலிருந்து கத்திய அண்ணன்களை மறக்க முடியுமா? ஏரோ பாரில் கை இருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. கூட்டத்தில் போகும்போது அங்கே கை வைத்தால் என்னைத் திட்டித் தீர்த்தீர்கள். அந்தத் திட்டுக்கும் நன்றி. கோவளம் டீக்கடை அக்கா, நாங்கள் சில்லறை இல்லாமல் தின்ற வாழைப்பழக் கணக்கு ஞாயிற்றுக்கிழமை தீர்க்கப்படும்.

இந்தத் தடவை ஏற்றங்களிலும் திருப்பங்களிலும் தவிர மற்ற நேரமெல்லாம் குனிந்தேதான் இருந்தேன். சைக்கிளை விட்டு இறங்கியதும் இடுப்பு நிமிர்ந்தது, கால் ஓடியது. போன தடவை முதல் ஐந்து கிலோமீட்டர் நடந்தவன் நான்.

பழைய 172.5 கிராங்கும், நான் உருவி எறிந்த ஸ்பேசர்களில் மிஞ்சிய மூன்றும் ஒரு பையில் கிடக்கின்றன. வேண்டியவர்கள் ஞாயிறு காலை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கும்பிடுபூச்சி